ஆடி கழியட்டும்

அக்கா, தப்பாக நினைக்காதீங்க. ஒன்று கேட்கலாமா? உங்களுக்கு முதலில் தாலியா, முதலில் ரெஜிஸ்டரா?

ரெஜிஸ்டரா? தாலிக்கு முன்னாடியேவா? நல்லவேளை. நல்லவேளை அக்கா.

சும்மாதான் கேட்டேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சுங்கை பட்டாணியில் ஏறியதிலிருந்து உங்கள் பக்கத்து சீட்டில்தானே வந்தேன், வாயைத் திறந்தேனா? பஸ் ஒழுங்காக ஓடியிருந்தால் கோலாலம்பூர் வரைக்கும் திறந்திருக்க மாட்டேன். இப்படி ஈப்போவில் புகை விட்டு நின்று, வேறு பஸ் வருது, வருது என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. பஸ்ஸில் இவள் என்னிடம் "அத்தை, தண்ணி" என்று கேட்டாள் இல்லையா, அப்போது நீங்கள் குனிந்து, "அம்மா வரலையா பாப்பா?" என்று கேட்டீங்க. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது.

நான்தான் அக்கா அம்மா. இவள் நான் பெற்ற பிள்ளை. பெயர் லோஷினி. என் வீட்டுக்காரர் பெயர் லோகன். அதிலிருந்து லோவை எடுத்து அவரே வைத்தார். என்னை அத்தை என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தது நானேதான். பழக வேண்டுமல்லவா, அதற்காக. எதற்குப் பழக வேண்டும் என்று கேட்பீங்க. சொல்கிறேன், அதற்குள் பஸ் வராமல் இருந்தால்.

எனக்கு ஊர் கமுதிப் பக்கம். முனீஸ்வரி என்று பெயர். ஆறாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், அதற்கு மேல் போகவில்லை. என் மாமியாரின் அப்பா அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர். அதைத் தொட்டு, மகனுக்கு ஊர்ப் பொண்ணுதான் வேண்டும் என்று மாமியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "அங்க உள்ள பொண்ணுங்க எல்லாம் வாயாடிங்க. எனக்கு வாயில்லாப் பூச்சியா ஒண்ணு போதும்" என்றார். என் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப எங்க முனீஸுதான்" என்று என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

விசிட் விசாவில் வந்தேன். கார்த்திகை மாசம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி ஏறியது. பெரிய கோயில்களில் ரெஜிஸ்டர் பேப்பரைக் காட்டினால்தான் கல்யாணம் வைக்க விடுவார்களாமே? எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பூசாரி அத்தைக்குச் சொந்தம், கேட்கவே இல்லை. தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்து சாப்பிட்டார்கள். மழை வேறு. மழையில் கல்யாணம் நடந்தால் நல்லது என்றார்கள்.

ரெஜிஸ்டர் உடனே பண்ண முடியவில்லை. நான் கல்யாணமாகாத பெண் என்று ஊரிலிருந்து ஒரு காகிதம் வர வேண்டுமாம். அந்தக் காகிதம் தாசில்தார் ஆபீசில் தூங்கி, மெட்ராஸில் தூங்கி, இங்கே வந்து சேர்வதற்குள் எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. சிரிக்காதீங்க அக்கா. கழுத்தில் தாலி, வயிற்றில் பிள்ளை, கையில் "இந்தப் பெண் கல்யாணமாகாதவள்" என்று முத்திரை குத்திய காகிதம். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் யாருடி?" என்று கேட்டார். அவர் சிரித்துப் பேசுவதே அபூர்வம். அன்றைக்குச் சிரித்தார்.

அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஒரு தேதி கொடுத்தார்கள். அத்தை காலண்டரைப் பார்த்தார். ஆடி மாசம்.

"ஆடியிலயா? ஆடியில யாராவது கல்யாணக் கையெழுத்துப் போடுவாங்களா?" என்றார்.

அவர் சொன்னார்: "அம்மா, தாலிதான் கார்த்திகையிலயே கட்டியாச்சே. இது வெறும் பேப்பரும்மா."

"வெறும் பேப்பர்னா எப்பப் போட்டா என்னடா? ஆடி கழியட்டும். ஆவணி பொறந்ததும் மொத முகூர்த்தத்துல போடலாம்."

"அதுக்குள்ள புள்ள பொறந்துட்டா?"

"டாக்டர் ஆவணின்னு சொல்லியிருக்காரு இல்ல? எங்க ஓடிரும்? ஆடி கழியட்டும்."

என்னையும் கேட்டார்கள். நான் என்ன சொல்ல? ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னதும், அம்மா போனிலேயே கத்தினாள். "ஆடியில வேணாம்டி! கல்யாணம் ஆன புருசன் பொண்டாட்டியவே ஆடியில பிரிச்சு வைக்கிறோம், அதுல போயி கையெழுத்தா?" இரண்டு அம்மாக்களும் ஒரே வார்த்தை சொன்னால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? தேதியை மாற்றினோம்.

பக்கத்து வீட்டில் கமலாவதி அக்கா என்று ஒருத்தர். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் மாமியா அதே ஆடியிலதானே மகளுக்கு வீடு வாங்கிக் கையெழுத்துப் போட்டா, அதுக்கு ஆடி இல்லையா?" என்று கேட்டார். நான் அத்தையிடம் போய்க் கேட்கவில்லை, எனக்கு வாய் வராது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். வீட்டுக் கையெழுத்து வேறு, கல்யாணக் கையெழுத்து வேறு. வேறுதானே அக்கா?

கமலாவதி அக்கா இன்னொன்றும் சொன்னார். "பொறக்குறதைப் பாத்துட்டுப் போடலாம், ஊர்க்காரி, கையெழுத்து ஆனதும் இந்த நாட்டு ஐசி கார்டு எடுத்துக்கிட்டு ஓடிட்டா என்ன பண்றதுன்னு உன் மாமியா கோயில்ல பேசிக்கிட்டிருந்தா" என்று. அவருக்கும் அத்தைக்கும் ஆகாது. ஏதோ குத்துவிளக்குச் சண்டை, நான் வருவதற்கு முந்தியது. அதனால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இவள் ஆவணி வரைக்கும் பொறுக்கவில்லை. ஆடி முடியப் போகிற சமயம் வந்துவிட்டாள். குட்டியாக, எலிக்குஞ்சு மாதிரி. அத்தை கையில் வாங்கி, "அப்படியே என் மகன் மூக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை கெட்டவர் இல்லை அக்கா. கெட்டவராக இருந்தால் அழுவாரா?

ஆவணி முதல் முகூர்த்தத்தில் போய்க் கையெழுத்துப் போட்டோம். பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் போட்டேன். அந்த ஆபீஸ் அம்மா மலாய்க்காரர், பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு போட்டோ இருக்கிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம். இப்போது கழற்றி உள்ளே வைத்திருக்கிறேன்.

ஏன் என்றால், அந்தக் கல்யாணப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்படியே பிறப்புப் பதியப் பதிவிலாகாவுக்குப் போனோம். பெருமையாகப் போனோம். அங்கே கவுண்டரில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி. கல்யாணப் பத்திரத்தைப் பார்த்தாள், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தாள், மறுபடியும் இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள்.

"அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடியே புள்ள பொறந்திருக்கே" என்றாள்.

அத்தைக்கு வந்ததே கோபம்! "என்னம்மா அசிங்கமாப் பேசுற? கார்த்திகையிலயே தாலி கட்டியாச்சு. தோட்டமே வந்து சாப்பிட்டுச்சு. வேணும்னா பூசாரியைக் கூட்டிட்டு வரவா?"

"தாலியை நான் இல்லன்னு சொல்லலம்மா. கம்ப்யூட்டருக்குத் தாலி தெரியாது. ரெஜிஸ்டர் தேதிதான் தெரியும். அதுக்கு முன்னாடி பொறந்தா, புள்ள அம்மா பக்கம்தான் போகும். அம்மா இந்தியா. அப்போ புள்ள இந்த நாட்டுக் குடிமகள் இல்ல."

அவர் மெதுவாகச் சொன்னார்: "நான்தான் அப்பா. நான் இந்த நாட்டுல பொறந்தவன், எங்கப்பா பொறந்தது இங்க. வேணும்னா ரத்தம் எடுத்துப் பாருங்க."

"ரத்தத்துல யாருக்கும் சந்தேகம் இல்லண்ணே. ஒரு ரெண்டு வாரம் முன்னாடி வந்து கையெழுத்துப் போட்டிருந்தா இந்தப் பேச்சே இல்ல. கொடுத்த தேதியை ஏன் மாத்துனீங்க?"

அத்தை கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். அந்தப் பெண்ணிடம் போய் ஆடி என்று எப்படிச் சொல்வது? தமிழ்ப் பெண்தான். சொன்னால் புரிந்திருக்கும். புரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வருகிற வழியில் அத்தை காரில் சொன்னார்: "பாவி மக, ரெண்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாது?" என்னைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, மடியில் கிடந்த பிள்ளையைச் சொன்னார்.

அப்புறம் மனுப் போட்டோம். அவர்தான் போட்டார், லோரி ஓட்டுகிற வேலைக்கு நடுவில் அலைந்து அலைந்து. வருடக்கணக்கில் பதிலே இல்லை. பிறகு ஒரே வரி வந்தது: கிடைக்காது. ஏன் என்று எழுதவில்லை. மறுபடியும் போடலாமாம். அவருக்கு அலுத்துவிட்டது. எனக்குத் தெரியும், சாப்பிடும்போது பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

எனக்கு மலாய் படிக்க வராது அக்கா. இவளுடைய பிறப்புப் பத்திரத்தில் குடிமகள் இல்லை என்று போட்டிருக்கிறது என எனக்குச் சொன்னார்களே தவிர, நானாகப் பார்த்ததில்லை. போன வருடம் இவள் பாலர் பள்ளிக்குப் போனாள். அங்கே எந்தப் பத்திரமும் கேட்கவில்லை, அந்த டீச்சர் நல்ல மாதிரி. இவளுக்குப் படிப்பு என்றால் உயிர். கண்ணில் பட்டதை எல்லாம் எழுத்துக் கூட்டுவாள். பால் டின், சோப்பு டப்பா, லோரிக் கதவு, எதையும் விட மாட்டாள். ஒரு நாள் நான் துணி மடிக்கும்போது அந்தப் பத்திரம் வெளியே கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். "பு-கான். புக்கான். வார்-க-நெ-கா-ரா." முகமெல்லாம் சிரிப்பு. பெரிய வார்த்தையை வாசித்துவிட்டாள் இல்லையா? நானும் கை தட்டினேன். "புக்கான்னா இல்லன்னு அர்த்தம்மா" என்று எனக்குப் பாடம் நடத்தினாள். "வார்கநெகாரான்னா?" என்று கேட்டேன். "தெரியல. டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

கேட்டுவிட்டு வந்தாள் போல. என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பத்திரத்தை எடுக்கவும் இல்லை.

குழந்தைதானே, மறந்திருப்பாள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தோம். தங்கமான மனுசன். "புள்ளைய வேணாம்னு நான் சொல்லலம்மா. எனக்கே புள்ளைங்க பத்தல. ஆனா குடியுரிமை இல்லன்னா பாஸ்போர்ட்டு, பெர்மிட்டுன்னு ஏதாவது கையில இருக்கணும். ஒண்ணுமே இல்லாம நான் எப்படிப் பேரு சேர்க்குறது?" என்றார். இந்தியப் பாஸ்போர்ட் என் பக்கமாக எடுக்கலாமாம். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அதை எடுத்தா இந்த நாடு இவளை நிரந்தரமா மறந்துரும். என் பேத்தி வெளிநாட்டுக்காரியா?" என்றார். அதுவும் நியாயம்தானே?

அப்போதுதான் கோமளா அண்ணி பேச்சு வந்தது. என் வீட்டுக்காரருடைய அக்கா. கோலாலம்பூர் பக்கத்தில் காஜாங்கில் இருக்கிறார், அண்ணி வீட்டுக்காரருக்கு நல்ல வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அத்தைதான் யோசனை சொன்னார். "கோமளா தத்து எடுத்துக்கட்டும். அவ புருசன், அவ, ரெண்டு பேரும் இந்த நாடு. ரெஜிஸ்டர் பண்ணுன கல்யாணம். அவ பேருக்கு மாறிட்டா புள்ளைக்கு ஒரு வழி பொறக்கும். பேப்பர்ல மட்டும்தான்டி முனீஸு. புள்ள எங்க போயிரப் போகுது? உன் நாத்தனா வீடுதானே?"

கட்டாயம் குடியுரிமை கிடைக்குமா என்று கேட்கிறீங்களா? அது தெரியாது அக்கா. கிடைக்கலாம் என்று தெரிந்த ஆள் ஒருத்தர் சொன்னாராம்.

இன்றைக்கு நாலு மணிக்கு வக்கீல் ஆபீசில் கையெழுத்து. அவர் போட்டுவிட்டார், போன வாரமே, ஜொகூருக்கு லோடு ஏற்றிப் போகிற வழியில் இறங்கி. முதல் ஆளாகப் போட்டுவிட்டார். அவருக்கு வேலை அப்படி. இனி என்னுடையதுதான் பாக்கி. அத்தை அங்கே அண்ணி வீட்டில்தான் பத்து நாளாக இருக்கிறார். என் பாஸ்போர்ட்டும் அத்தையிடம்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று வந்த நாளிலிருந்தே அவர்தான் வைத்திருக்கிறார்.

விசாவா? அது தீபாவளிக்கு முன்னாடி முடிகிறது. வருடா வருடம் அவர் கூட வந்து கையெழுத்துப் போட்டுப் புதுப்பிப்பார். இந்த வருடம், "மொதல்ல புள்ள வேலை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றிருக்கிறார். அத்தையும் சொன்னார்: "விசா முடிஞ்சா ஊருக்குப் போயி உங்கம்மாவைப் பாத்துட்டு நிதானமா வா. புள்ள கோமளாகிட்ட இருக்கட்டும், பள்ளிக்கூடம் கெடக் கூடாது." அம்மாவைப் பார்த்து ஏழு வருடம் ஆகிறது. எனக்காகத்தானே சொல்கிறார்?

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீங்க?

நீங்களும் கமலாவதி அக்கா மாதிரியே பார்க்கிறீங்க. நேற்று அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னிடம், "இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குன்னே வழக்குப் பாக்குறவங்க இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச நர்சு ஒருத்தி அவங்ககிட்டதான் போனா. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கூட வா" என்றார். அத்தைக்குத் தெரிந்தால் வம்பு. "வர்றேன்க்கா" என்று பேச்சுக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த அத்தை விஷயத்துக்கு வருகிறேன். ஆபீசர் யாராவது பிள்ளையைத் தனியாகக் கேட்பார்களாம், உன் அம்மா யார் என்று. அப்போது இவள் என்னைக் கையைக் காட்டினால் எல்லாம் கெட்டுப்போகும் என்று அண்ணி பயந்தார். அதனால் ஒரு மாதமாகப் பழக்குகிறேன். இத்தனை நாள் அண்ணி இவளுக்கு அத்தை, நான் அம்மா. இனிமேல் அண்ணி அம்மா. அப்படியென்றால் இவள் அப்பா இவளுக்கு என்ன முறை? மாமா. அம்மா கூடப் பிறந்தவர் மாமாதானே? மாமா பொண்டாட்டி நான், அத்தை. கணக்கு சரியாக வருகிறது. விளையாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்தேன். அத்தை என்று ஒழுங்காகக் கூப்பிட்டால் ஒரு மிட்டாய்.

முதல் நாள் இவள் சிரித்தாள். "எனக்கு ரெண்டு அம்மாவா?" என்று கேட்டாள். இல்லைடி, ஒன்றுதான், ஆனால் மாறி உட்காருகிறோம் என்றேன். இரண்டாம் நாள் அப்பாவை மாமா என்று கூப்பிட்டாள். அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் லோரியில் உட்கார்ந்துகொண்டார். இப்போது ரொம்பப் பழகிவிட்டது. பஸ்ஸில் பார்த்தீங்களே. தூக்கக் கலக்கத்தில் கூட அத்தை என்றுதான் வருகிறது. மிட்டாயும் கேட்பதில்லை.

கெட்டிக்காரி.

இருங்க அக்கா, போன் அடிக்கிறது. அத்தைதான்.

ஆமாங்க அத்தை. இன்னும் ஈப்போவுலதான். பஸ்ஸு வரல. வருதுன்னுதான் சொல்றாங்க. கேட்டேன் அத்தை. நான் என்ன அத்தை பண்றது? மணி மூணா? ஆமா, மூணு ஆகுது. சாப்பிட்டா, ரொட்டி வாங்கிக் குடுத்தேன். சரிங்க அத்தை. வக்கீல்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுங்க. சரிங்க அத்தை.

கோபமாக இருக்கிறார். நாலு மணிக்கு மேல் வக்கீல் இருக்க மாட்டாராம். இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று அண்ணி காலையில் கோயிலுக்கெல்லாம் போய்விட்டு வந்திருக்கிறார். இவளுக்கு அறை எல்லாம் பெயிண்ட் அடித்தாயிற்று. ரோஜாக் கலர். பள்ளிக்கூட யூனிபாரம் கூட எடுத்துவிட்டார். போனில் போட்டோ காட்டினார். அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "என் புள்ள அளவு எனக்குத் தெரியாதா?" என்றார். அண்ணிக்குப் பாசம் ரொம்ப.

நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டு போகிறேன். உங்களுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்துக்கொள்ளுங்க.

அக்கா, இன்றைக்குத் தேதி என்ன? ஆங்கிலத் தேதி தெரியும், தமிழ்த் தேதி என்ன? உங்கள் போனில் இருக்குமா? பாருங்களேன்.

ஆனி கடைசியா? அப்படியென்றால் நாளைக்கு...

அதோ, மறுபடியும் அடிக்கிறார்.

சொல்லுங்க அத்தை. ம். ம். நாளைக்குக் காலையிலயா? வக்கீல் சொல்லிட்டாரா? ம். சரிங்க... அத்தை. அத்தை, ஒரு நிமிசம். இல்ல, வந்து... நாளைக்கு ஆடி ஒண்ணு அத்தை.

இல்ல அத்தை, போனுல பாத்துட்டேன். பக்கத்துல ஒரு அக்கா இருக்காங்க, அவங்களும் பாத்துச் சொன்னாங்க. ஆடி ஒண்ணுதான்.

கையெழுத்துதான் அத்தை. எனக்குத் தெரியுது. வெறும் பேப்பர்தான். வெறும் பேப்பர்னா எப்பப் போட்டா என்ன அத்தை?

நான் எதுத்துப் பேசல அத்தை. நான் எங்க எதுத்துப் பேசியிருக்கேன்? நீங்க சொன்னதைத்தான் சொல்றேன். ஆடியில போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்கம்மாவும் சொன்னாங்க. நல்ல காரியம்தானே அத்தை இது? நல்ல காரியம்னா ஆடியில வேணாமே. புள்ளைக்கு ஏதாவது ஆகிட்டா?

வீட்டுக் கையெழுத்து வேற அத்தை. அது வேற.

அழலத்தை. நான் அழல. அண்ணிகிட்டக் குடுக்க வேணாம், நான் உங்ககிட்டயே சொல்றேன். ஆடி கழியட்டும்.

இல்லத்தை. ஆடி கழியட்டும்.

அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன். சத்தம் போடாதீங்க அத்தை, உங்களுக்குப் பிரஷர் இருக்கு. மாத்திரை போட்டீங்களா? போட்டுக்குங்க. ஆடி கழியட்டும் அத்தை. வைக்கிறேன்.

அக்கா, நான் தப்பாகப் பேசிவிட்டேனா? ஏழு வருடத்தில் அத்தை போனை வைப்பதற்கு முன்னால் நான் வைத்ததே இல்லை. ஆனால் நான் சொன்னதில் தப்பு இல்லையே? அவர் வார்த்தைதானே? நான் சொந்தமாக ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லையே?

அந்த வெள்ளை பஸ்ஸா? அதுதான் வேறு பஸ்ஸா? எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

நீங்க ஏறுங்க அக்கா. நான் ஏறவில்லை. அங்கே போய் அவர்கள் முகத்தைப் பார்த்தால் நான் போட்டுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். போனில் என்றால் ஏதோ வாய் வந்துவிட்டது. நேரில் அத்தை பேனாவை நீட்டினால் ஆடியாவது, ஆவணியாவது.

வீட்டுக்குப் போகிறேன். அங்கே யாரும் இல்லை, சாவி இருக்கிறது. கமலாவதி அக்காவிடம் வர்றேன் என்று சொன்னேன் இல்லையா? பேச்சுக்குத்தான் சொன்னேன். இருந்தாலும் சொன்னது சொன்னதுதானே? ஒரு மாதம் இருக்கிறது. ஒரு மாதத்தில் அந்த வழக்குப் பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. கேட்டாவது பார்ப்போம்.

டிக்கெட் கவுண்டரில் நான் கேட்க மாட்டேன் அக்கா, எனக்கு அந்த மலாய் வராது. நீங்க வர வேண்டாம், உங்களுக்கு பஸ் போய்விடும். இவள் கேட்பாள். இவளுக்கு நன்றாக வரும். டீச்சரே சொன்னார், மலாய்ப் பிள்ளைகளை விட நன்றாகப் பேசுகிறாள் என்று. லோஷினி, எழுந்திரு தங்கம். செருப்பை மாட்டு. அந்த ஜன்னலில் போய், சுங்கை பட்டாணிக்கு ரெண்டு டிக்கெட் என்று கேளு. ஒரு பெரியவர், ஒரு சின்னவர்.

என்னடி? ஏன் நிற்கிறாய்?

பாருங்க அக்கா, இவள் கேட்கிறதை. "பெரியவங்க யாருன்னு கேட்டா, அம்மான்னு சொல்லட்டா, அத்தைன்னு சொல்லட்டா?" என்கிறாள்.

அம்மான்னு சொல்லுடி.

"ஆபீசர் இருந்தா?"

இருந்தாலும் அம்மான்னே சொல்லு. ஆடி கழியற வரைக்கும் அம்மான்னே சொல்லு.